அம்மையாரும் அடையாற்று மருத்துவமனையும்

புதுக்கோட்டை இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களுள் ஒன்றன் தலைநகர். ஆங்கிலேயர் நம் நாட்டை ஆண்ட நாளில் அது தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட தனியரசாய் இருந்தது. அவ்வூர் மகாராஜா கல்லூரியின் தலைவராய் விளங்கியவர் நாராயணசாமி ஐயர். அவருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாக 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவரே டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் ஆவர்.

சந்திரம்மாள், கோயில்களில் ஆடலும் பாடலும் நிகழ்த்திவந்த தேவரடியார் குலத்தில் தோன்றியவர். அக்குலத்தாரை அந்நாளைய சமுதாயம் ஒருபால் அவர்தம் கலைக்காகப் போற்றியது. மற்றொருபால் இழித்தும் பழித்தும் பேசியது. அப்பழிச்சொல்லின் வெம்மையை அம்மையார் இளமையிலேயே உணர்ந்தார். பிற்காலத்தில் அவர் சட்டசபையில் நின்று செய்த பெரும்போருக்கு வித்து அவ்விளமையிலேயே விழுந்துவிட்டது எனலாம்.

பெண்கள் எழுத்தறிதலே மிகை என்று கருதப்பட்ட காலம் அது. பெண் பருவமெய்தியவுடன் படிப்பை நிறுத்தி மணம் முடித்து அனுப்புவதே வழக்கம். தாயாரும் அவ்வழக்கத்தையே விரும்பினார். தந்தையாரோ மகளின் கூரிய அறிவைக் கண்டு, அவரை வீட்டில் இருத்தியே பாடங்களைக் கற்பித்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய பின்னர் மேற்கொண்டு கற்க எண்ணியபொழுதுதான் இடர்ப்பாடு நேர்ந்தது. மகாராஜா கல்லூரி ஆடவர் கல்லூரி. அதில் ஒரு பெண்ணைச் சேர்த்தால் இளைஞர் ஒழுக்கம் கெடும் என்று பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை, சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். அதனால் அக்கல்லூரியின் முதல் மாணவி என்னும் பெயர் அம்மையாருக்கு உரியதாயிற்று. ஒரு பெண்ணின் கல்விக்கு ஓர் அரசரின் ஆணையே வேண்டியிருந்தது என்றால், அந்நாளின் நிலையை இந்நாளைய மாணவியர் எளிதில் அறிந்துகொள்ளலாம்.

1907ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண்மணி அவரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது 1875ஆம் ஆண்டிலேயே அங்குச் சேர்ந்து பயின்றார். அவருக்குப் பின்னும் சிலர் பயின்றனர். அம்மையாரின் பெருமை முதல்வர் என்பதைப் பொறுத்ததன்று. உடல் மெலிவும் பொருள் நெருக்கடியும் ஒருங்கே வருத்தவும், பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912ஆம் ஆண்டில் சிறப்பு நிலையில் தேறினார் என்பதே பெருமை. பின்னர் எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே.

1914ஆம் ஆண்டில் அவர் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மணத்துக்கு இசையுமுன், தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பத்துக்கு மாறாக நடத்தலாகாது என்னும் உறுதியை அவர் கேட்டுப் பெற்றார். ரெட்டியாரும் தாம் கொடுத்த சொல்லைக் காத்தார். இருவரும் மருத்துவத் தொழிலை மேற்கொண்டு, நற்பெயரோடு வாழ்ந்துவந்தனர். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர்.

இந்நிலையில் அக்குடும்பத்தின்மேல் ஒரு பேரிடி விழுந்தது.

அம்மையாருக்கு ஓர் இளைய சகோதரி இருந்தார். இளம்பருவத்தினர். அவருக்கு வயிற்றுப்போக்குப் போன்ற நோய் ஒன்று கண்டது. சீதபேதி என்று கருதி மருத்துவர்கள் மருந்து கொடுத்தனர். நோய் தணியவில்லை, நாளுக்கு நாள் உடல் மெலிந்தது. உண்மை வெளிப்பட்டபொழுது காலம் கடந்துவிட்டது. மலக்குடலில் புற்றுநோய் தோன்றி வேரூன்றியிருந்தது. 1923ஆம் ஆண்டில் அச்சகோதரி உயிர் நீத்தார்.

இல்லத்தில் மருத்துவர் இருவர். நகரில் பெரிய மருத்துவமனைகள். தேர்ந்த மருத்துவ நண்பர்கள் பலர். இவ்வளவும் இருந்தும் நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியக் கூடவில்லை. வறுமையால் மருந்தின்றி இறப்பார் துயரம் ஒருவகை. எல்லாம் இருந்தும் அறியாமையால் இழப்பார் துயரம் வேறொருவகை. இது நெஞ்சை விட்டு அகலாதது. அம்மையாரின் நெஞ்சிலும் அது நாற்பத்தைந்து ஆண்டு அகலாதிருந்தது.

அத்தவறு எவ்வாறு நேர்ந்திருத்தல் கூடும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்தல் நலம். நம் வயிற்றினுள் சிறுகுடலைச் சுற்றி வளைவாக அமைந்திருப்பது பெருங்குடல். அது ஏறத்தாழ ஐந்தடி நீளம் உடையது. அதன் இறுதிப் பகுதியே மலக்குடல். இக்குடலின் உட்சுவரில் சிற்சிலருக்குச் சிறு முளைகள் தோன்றும். மரப்பட்டையில் எழும் கணு போன்றோ, காம்புடைய காளான் போன்றோ அவை இருக்கும். பெரும்பாலன தீங்கற்றவை. அவற்றுட் சில மட்டும் ஆண்டுகள் பல கழியப் புற்றாக மாறும். அம்மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு வரையும் செல்லும் என்பர். அவ்வளவு காலமும் நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. குடலோ வயிற்றின் ஆழத்தே மறைந்துகிடப்பது. தோலின்மேல் எழும் கட்டியைப் போலக் கண்ணுக்கோ கைக்கோ புலப்படுவதன்று. கடைசியில் மலத்தோடு குருதி கலந்து வரும், சளி வரும், மலங்கழியும் வழக்கம் மாறும். இவை யாவும் சீதபேதியிலும் காணப்படும். குருதி மட்டும் வருமாயின் மூலநோய் என்று எண்ணிவிடுவார்கள். நம் நாட்டில் சீதபேதியும் மூலமும் வீட்டுக்கு வீடு உள்ளவை. ஆதலால் நோயாளியும் ஐயுறுவதில்லை, மருத்துவரும் ஐயுறுவதில்லை. நோயாளி இளம்பருவத்தினராயின் ஐயம் இன்னும் குறையும். முதியோர்க்கே புற்று வரும் என்னும் எண்ணம் மருத்துவர்களிடத்தும் வலுவாய் இருந்தது.

அந்நாளிற் கண்டறியும் வழிகளே இல்லையோ எனின், சில இருந்தன. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை மருத்துவர் தம் கைவிரலால் தடவிப் பார்த்தே உணரலாம். ஆயின் நாணத்தின் காரணமாகப் பெண்கள் அச்சோதனைக்கு இசைவதில்லை. ஆண் மருத்துவர்களும் வற்புறுத்துவதில்லை. பெண் மருத்துவர் பலர் வேண்டும் என்று அம்மையார் வாழ்நாள் முழுதும் வாதாடியதற்கு இதுபோன்ற காரணங்கள் பலவுண்டு. மற்றொரு வழி எக்ஸ் கதிர். ஜெர்மானிய அறிஞர் ரான்ட்கன் 1895ஆம் ஆண்டில் இக்கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பைத் தெளிவாகக் காட்டும் அக்கதிர், குடல் போன்ற மென்மையான உறுப்பை நன்கு காட்டாது. அதனால் பேரியம் என்னும் வெண்பொருளைக் கரைத்துக் குடலினுட் செலுத்திப் படம் எடுத்தனர். குடலின் வடிவம் வெள்ளையாகத் தோன்றும். கட்டி உள்ள இடம் குறைபட்டுத் தோன்றும். 1923இல் நம் நாட்டில் இத்தகைய வசதி மிகவும் அரிது. கதிரியலுக்கென்றே பர்னார்டு நிலையம் சென்னையில் நிறுவப்பெற்றது 1934ஆம் ஆண்டில்தான்.

சகோதரியை இழந்த அம்மையார் அழுது அமைந்துவிடவில்லை. 1925ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் உதவி பெற்று, பெண்டிர் நோயும் குழந்தை நோயும் பற்றி மேலும் கற்க இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பயின்ற காலத்தில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனைகள் இயங்கும் முறையையும் அறிந்தார். ஒரு நோய்க்கெனவே ஒரு மருத்துவமனை. அங்கே அதனையே ஆராயும் மருத்துவர், அதற்கெனவே பயின்ற தாதியர், அதற்கென அமைந்த கருவிகள். நம் நாட்டிலும் இத்தகைய நிலையம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றியது. 1926இல் பாரிசு நகரில் கூடிய அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பாகக் கலந்துகொண்டு தாயகம் திரும்பினார்.

திரும்பியவுடன் மருத்துவமனை எழுந்துவிடவில்லை. வேறு பணிகள் அவரை அழைத்தன. சென்னைச் சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. 1927ஆம் ஆண்டில் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். இளஞ்சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழித்தற்கு அவர் முயன்ற முயற்சி பெரிது. சமயத்தின் பெயரால் எதிர்த்தோரும் இருந்தனர். கலையின் பெயரால் எதிர்த்தோரும் இருந்தனர். 1929இல் ஒரு படியும், முடிவில் 1947ஆம் ஆண்டில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராய் இருந்த காலத்தில் முழுமையாகவும் அவ்வழக்கம் சட்டத்தால் விலக்கப்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் அம்மையார் தம் பதவியைத் துறந்தார். அக்காலத்தில் புகலிடமின்றி வந்த இளம்பெண்களைத் தம் இல்லத்திலேயே ஏற்றுக்கொண்டதன் பயனாக ஔவை இல்லம் தோன்றியது. பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. இவற்றுள் ஒவ்வொன்றும் தனியே விரித்துரைக்கத் தக்கது. ஈண்டு அதற்கு இடமில்லை.

1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பழைய மாணவியான அம்மையார் அவ்விழாவிலே, புற்றுநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை அமைக்க வேண்டும் என்னும் தம் விருப்பத்தை வெளியிட்டார். சகோதரி இறந்து அப்பொழுது பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. சொல்லைப் பலர் வரவேற்றனர். ஆயினும் வரவேற்பு வேறு, பொருள் வேறு. போர் வந்தது, பஞ்சம் வந்தது, விடுதலையும் வந்தது. 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னாட்டில் ஒன்றும் எழவில்லை.

அரசாங்கத்தாரிடம் உதவி கேட்டபொழுது, புற்றுநோய் கண்டவர் எப்படியும் இறந்துபோகின்றனர், அதற்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்று வினவியவரும் உளர். இவ்வினாவில் அறியாமையோடு ஒரு பாதி உண்மையும் இருந்ததை மறுத்தற்கில்லை. அந்நாளில் மருத்துவமனைக்கு வந்த புற்றுநோயாளருட் பெரும்பாலோர் முற்றிய நிலையிலேயே வந்தனர், ஆதலின் இறந்தனர். அவர்கள் இறப்பதைக் கண்ட மக்கள், இந்நோய்க்கு மருந்தில்லை என்று துணிந்து, மருத்துவமனையை அணுகாதே இருந்தனர். ஆதலின் நோய் முற்றியது. செக்குமாடு சுற்றியவாறே சுற்றும் இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். முன்னரே கண்டறிந்தால் பிழைப்பிக்கலாம் என்பதை நாலுபேர் பிழைத்துக் காட்டினாலன்றி ஊரார் நம்பமாட்டார். அதற்கு ஒரு நிலையம் முதலில் வேண்டும். அம்மையாரின் வாதம் இதுவே.

1949ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் உதவி நிதி தொடங்கப்பெற்றது. அம்மையாருக்கு அப்பொழுது வயது அறுபத்து மூன்று. பிறர் ஓய்வு பெற்று ஈசிச்சேரில் சாயும் பருவம். செல்வர் இல்லங்களுக்கும் சங்கங்களுக்கும் அவர் நடந்து நிதி திரட்டினார். கொடுத்தவரும் உண்டு, காக்கவைத்து அனுப்பியவரும் உண்டு. 1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18ஆம் நாள் புற்றுநோய் நிலையம் பணி தொடங்கியது. தொடங்கியபொழுது அதில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. மாளிகை இல்லை, குடில் போன்ற சிறு கட்டடமே இருந்தது.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு சென்று புற்று அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றவர். வேறிடத்தில் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அன்னையின் எண்ணமே தம் எண்ணமாகக் கொண்டு இச்சிறு நிலையத்தில் அமர்ந்தார். 1955இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார், சர் சி. வி. இராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசாங்க மருத்துவமனையில் கிடைத்த வேலையை வேண்டாமென்று விட்டு வந்தவர். கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்க்கருவி தருவிக்கப்பட்டது. அக்கருவியை நாட்டில் முதன்முதல் பெற்ற இடங்களுள் அடையாறும் ஒன்று. பணம் கொடுப்போர்க்கும் கொடாதோர்க்கும் ஒரே தன்மையான மருத்துவம் என்பது நிலையத்தின் நெறியாக அமைந்தது. 1956இல் அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாளே எஞ்சியிருந்தன.

அவர் மறைந்து மூன்று ஆண்டு கழிந்து, அவர் சகோதரியைப் போன்றோரின் நோயைக் கண்டறிதற்கு ஒரு புதிய கண் உலகுக்குக் கிடைத்தது. அதனையும் அறிந்தாலன்றி இவ்வரலாறு நிரம்பாது.

சாதாரண எக்ஸ் கதிர்ப்படம் ஒரு நிழல். விளக்கின் முன் கையை நீட்டினால் சுவரில் நிழல் விழும். அந்நிழலைக் கொண்டு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எவ்வளவு தொலைவில் உள்ளன என்று சொல்ல முடியாது. உடம்பின் படமும் அவ்வாறே; முன்னுள்ள உறுப்பும் பின்னுள்ள உறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். கோயில் மண்டபத்தூண் ஒன்றை ஒரு பக்கத்தில் நின்று நோக்குவார், அதன் ஒரு முகத்துச் சிற்பத்தையே காண்பர். நாற்புறமும் வலம் வந்து நோக்குவார்க்கே தூண் முழுதும் புலப்படும். இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு இம்முறையையே கையாண்டார். எக்ஸ் கதிரை உடம்பைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, மறுபுறம் வெளிப்படும் கதிரின் அளவை ஒவ்வொரு கோணத்திலும் குறித்துக்கொண்டு, அக்கணக்குகள் யாவற்றையும் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். அது கணக்கிட்டு, உடம்பைக் குறுக்கே அரிந்தாற்போன்ற படத்தை வரைந்து தந்தது. வெண்டைக்காயை வில்லை வில்லையாக அரிந்தால் உள்ளே விதை இருக்கும் இடம் தெரிவது போல, கத்தியின்றியே உடம்பின் உட்புறம் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் முதலில் ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளைத் திரட்ட ஒன்பது நாட்கள் ஆயின. 1971ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், இலண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படம் எடுக்கப்பட்டது. இதுவே சி.டி. ஸ்கேன். முன்னரே இதற்குரிய கணக்கை ஆராய்ந்திருந்த ஆலன் கார்மாக் என்பாருக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் 1979இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இக்கருவியின் வரலாற்றில் நம்மவர் பெயரும் உண்டு என்பதைப் பலர் அறியார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பௌதிகப் பேராசிரியராய் விளங்கிப் பின்னர் பெங்களூர் சென்ற ஜி. என். இராமச்சந்திரன், தம்மோடு ஆய்ந்த ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, நிழற்படங்களிலிருந்து உருவத்தை மீட்டு வரையும் விரைவான கணக்குமுறை ஒன்றை அதே 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்வந்த ஸ்கேன் பொறிகள் பலவற்றில் அக்கணக்குமுறை பயன்பட்டது.

முதலிற் தலையை மட்டுமே காட்டிய பொறி, சில ஆண்டுகளில் உடல் முழுவதையும் காட்ட வல்லதாயிற்று. முன்னர் ஒரு வில்லைக்குச் சில நிமிடங்கள் ஆயின. இப்பொழுது ஒரு மூச்சை அடக்கியிருக்கும் நேரத்துக்குள் வயிறு முழுவதையும் எடுத்துவிடலாம். 1994ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டேவிட் வைனிங் இதனைப் பெருங்குடலுக்கெனத் தனியே பயன்படுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். முதல் நாள் மருந்து உட்கொண்டு குடலைத் தூய்மை செய்துகொள்ளல் வேண்டும். மறுநாள் மெல்லிய குழாய் ஒன்றன் வழியே காற்றைச் செலுத்திக் குடலை விரியச் செய்வர். மல்லாந்து படுத்த நிலையில் ஒருமுறையும் குப்புறப் படுத்த நிலையில் ஒருமுறையும் படம் எடுப்பர். உள்ளே எஞ்சிய நீரும் அழுக்கும் உடம்பு திரும்பும்பொழுது இடம்பெயரும். முளை மட்டும் சுவரோடு ஒட்டி நிற்கும். கணிப்பொறி அப்படங்களைக் கோத்து, குடலினுள்ளே ஒருவர் விளக்கேந்தி நடந்துசெல்வதுபோன்ற காட்சியைத் திரையில் விரிக்கும். மயக்கமருந்து வேண்டியதில்லை, நோயாளி சிறிது நேரத்தில் எழுந்து வீடு செல்லலாம்.

ஆயினும் இக்கருவியை எல்லாம் வல்லது என்று எண்ணிவிடலாகாது. கடலையளவும் அதற்கு மேலும் உள்ள முளைகளை நன்கு காட்டும். மிகச் சிறியவற்றையும் தட்டையானவற்றையும் தவறவிடக்கூடும். முளையைக் கண்டாலும் அதனை அகற்ற இதனால் இயலாது. அதற்கு ஒளியும் கண்ணாடியும் பொருந்திய வளையும் குழாயைக் குடலினுட் செலுத்தும் உள்நோக்கிச் சோதனையே வேண்டும். அக்குழாயின் வழியே முளையைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே புற்று என்று உறுதி கூறுவர். எக்ஸ் கதிர் மிகுதியாகப் படுவதும் உடலுக்கு நன்றன்று. தேவையின்றி அடிக்கடி எடுத்தல் தகாது. ஆசனவாயை ஒட்டிய பகுதியில் உள்ள கட்டியைச் செலுத்திய குழாயே மறைத்துவிடுவதும் உண்டு. அங்கே பழைய கைவிரற் சோதனைக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.

சி.டி. ஸ்கேனின் தலையாய பயன் வேறொன்று. புற்று என்று உறுதியான பின், அது எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அறிந்தாலன்றி மருத்துவம் தொடங்க இயலாது. குடற்சுவரோடு நின்றதா, அண்டையிலுள்ள நெறிக்கட்டிகளை எட்டியதா, குருதியோடு சென்று கல்லீரலிலோ நுரையீரலிலோ குடியேறியதா என்னும் வினாக்களுக்கு முன்னாளில் வயிற்றைக் கிழித்துப் பார்த்தே விடை கண்டனர். கிழித்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு மூடித் தைத்தனுப்பியதும் உண்டு. இப்பொழுது மார்பும் வயிறும் இடுப்பும் ஒருங்கே படம் எடுக்கப்படுகின்றன. அறுவை முதலில் செய்வதா, மருந்து முதலில் கொடுப்பதா என்பதை மருத்துவர் கூடிப் பேசி முடிவு செய்வர். மலக்குடலைப் பொறுத்தவரை, காந்தப்புலத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. பொறி, சுற்றியுள்ள தசையை இன்னும் தெளிவாகக் காட்டும், அதனையும் உடன்கொள்வர்.

இத்தகைய பொறிகள் பெருநகர்களில் மட்டும் இருந்த காலம் போயிற்று. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இன்று சி.டி. ஸ்கேன் உண்டு. ஆயினும் பொறி இருக்கும் ஊரும் நோயாளி இருக்கும் ஊரும் ஒன்றல்லவே. சேர்வராயன் மலையின்மேல், அருவியால் பெயர்பெற்ற கிளியூரில் காப்பித் தோட்டத்து வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மலத்திற் குருதி கண்டால் அவர் மூலம் என்றே கருதுவார்; மலைமேல் கிடைக்கும் பச்சிலையை அரைத்துக் குடிப்பார்; குளிர்காலம் கழியட்டும், காப்பிப்பழம் பறித்து முடியட்டும் என்று நாட் கடத்துவார். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் சேலம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வழி முப்பது கிலோமீட்டர் அளவே. எனினும் ஒரு நாட் கூலி போகும். ஐந்தடிக் குடலின் ஒவ்வோர் அங்குலத்தையும் காட்ட வல்ல பொறி சேலத்தில் இருப்பது, அவர் பேருந்தில் ஏறினாலன்றி அவருக்குப் பயன்படாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குருதி தொடர்ந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலங்கழியும் வழக்கம் மாறினாலோ, எந்த வயதினராயினும் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதை மலையிலும் சமவெளியிலும் வீடுதோறும் எடுத்துரைப்பவர் வேண்டும். மேலைநாடுகளில் நாற்பத்தைந்து ஐம்பது வயது எய்தியவர் நோயே இல்லாதபொழுதும் குடலைச் சோதித்துக்கொள்கின்றனர். நம் நாட்டில் இந்நோய் அவர்கள் நாட்டினும் குறைவு. ஆனால் வருவோர் இளமையிலும் வருகின்றனர், முற்றிய பின்னும் வருகின்றனர்.

அடையாற்றில் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய நிலையம் இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகளும் ஆராய்ச்சிப் பிரிவும் புற்றுநோய் மருத்துவக் கல்லூரியும் உடையதாய் வளர்ந்துள்ளது. ஊர்களுக்குச் சென்று சோதனை முகாம் நடத்துவதையும் அது தன் கடமையாகக் கொண்டிருக்கிறது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, அந்நிலையத்துக்கே தம்மை ஒப்படைத்தார். டாக்டர் சாந்தா 2005இல் மகசாசே விருதும் 2016இல் பத்மவிபூஷணும் பெற்றார். அவர் தமக்கென வீடொன்று அமைத்துக்கொள்ளாமல், நிலையத்தின் வளாகத்திலேயே ஓர் அறையில் தங்கி நோயாளிகளைக் கவனித்துவந்தார். 2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19ஆம் நாள், தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.